மக்குத் திம்மனும் மாணவரும்

தத்துவம் முதுமைக்கு உரியது என ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அது எதற்கு என வினவுவோரும் உளர். இவ்வினாவிற்கு மைசூர் நாட்டின் அண்மைக்கால வரலாறு விடை தருகின்றது.

1916-ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கினார். அக்கல்லூரியின் சமஸ்கிருதப் பேராசிரியர் எம். ஹிரியண்ணா, தம் வகுப்புரைகளை அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தத்துவ நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதி 1932-இல் வெளியிட்டார். இவை கல்லூரிச் சுவர்களுக்குள் விளைந்த பயன்கள்.

சுவருக்கு வெளியே தத்துவத்தைக் கொணர்ந்தவர் டி. வி. குண்டப்பா. 1887-இல் முளபாகலில் பிறந்த அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறவில்லை. கல்லூரியில் பயிலவும் இல்லை. பெங்களூரில் பத்திரிகையாளராய் வாழ்ந்தார். 1943-இல் அவர் வெளியிட்ட 'மங்குதிம்மன கக்க' என்னும் கன்னட நூல் 945 நாலடிச் செய்யுட்களை உடையது. மக்குத் திம்மனின் பிதற்றல் என்பது அப்பெயரின் பொருள். வாழ்வின் பெரும் வினாக்களை எழுப்பும் அச்செய்யுட்களின் ஈற்றில் விளிக்கப்படுபவன் பண்டிதன் அல்லன், அத்திம்மனே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் சொற்களைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். தத்துவத்திற்குக் கிரேக்கர் இட்ட பெயருக்கு 'அறிவின்மீது அன்பு' என்பது பொருள். 'தத்துவம்' என்னும் வடசொல்லோ, ஒரு பொருள் அதுவாகவே இருக்கும் தன்மையைக் குறிக்கும். முன்னது தேடுவோனின் மனத்தையும், பின்னது தேடப்படுவதையும் சுட்டுகின்றன. இரண்டிலும் வயதுக்கு வரம்பில்லை.

ஒரு மாணவன் தேர்வில் தவறுகிறான். அவனை மக்கு என்கிறோம். அறிவு என்பது உண்மையில் யாது? மதிப்பெண் அதனைத்தான் அளந்தது என்று எங்ஙனம் அறிந்தோம்? தவறியவனிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது? முதல் வினா உண்மையையும், இரண்டாவது அறியும் வழியையும், மூன்றாவது ஒழுக்கத்தையும் பற்றியவை. தத்துவத்தின் மூன்று பெரும் பிரிவுகளும் ஒரு மதிப்பெண் தாளுக்குள் அடங்கிவிட்டன!

தேர்வில் தேறாத குண்டப்பாவின் கீதை விளக்கநூல் 1967-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. எல்லோரும் அவ்வாறு பரிசு பெறுதல் இயலாது, வேண்டுவதும் அன்று. ஆயினும் நம் இல்லத்துப் பிள்ளை 'ஏன்?' என்று கேட்கும்போது, 'பாடத்தைப் படி' என்று அதன் வாயை அடைக்காதிருத்தல் நம் அனைவர்க்கும் இயலும். தத்துவத்தின் முதற்பாடம் அந்த 'ஏன்' என்னும் சொல்லிலேயே தொடங்குகின்றது.