மழைக்காலத்தில் விரிசல் விட்ட தோட்டாக்கள்

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவது தமிழர் வீடுகளில் பழகிப்போன வேலை. தீபாவளி, தைப்பூசம் என்று வந்துவிட்டால் குத்துவிளக்கும் சொம்பும் பளபளக்கத் தொடங்கிவிடும். அதே பித்தளைதான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கித் தோட்டாவின் உடலாகவும் இருந்து வருகிறது. விளக்கைத் துலக்குவதில் தவறு நேர்ந்தால் கறை மிஞ்சும். சுட்டு முடித்த தோட்டாவைத் துலக்கி மீண்டும் பயன்படுத்துவதில் தவறு நேர்ந்தால், சுடுபவரின் கண்ணுக்கே ஆபத்து. இந்தப் பாடத்தை ஆயுதத் தொழிற்சாலைகளுக்குக் கற்றுத் தந்தது எது தெரியுமா? இந்தியாவின் பருவமழை!

காகிதத்திலிருந்து பித்தளைக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோட்டா என்பது பெரும்பாலும் காகிதச் சுருள்தான். அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சிக்கு எப்படித் தீ மூட்டியது என்பதை வரலாறு அறியும்.

1866ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதச்சாலையைச் சேர்ந்த எட்வர்ட் பாக்ஸர், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித் தோட்டா உறை செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கரான ஹைராம் பெர்டன் வேறொரு முறையைக் கண்டார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டது. பாக்ஸர் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளைதான். மருந்தைப் பற்றவைத்து முடித்த சிறு மூடியை ஒரு கம்பியால் தட்டினால் வெளியே வந்துவிடும். பெர்டன் முறையில் அது அவ்வளவு சுலபமில்லை. வெற்று உறையில் மீண்டும் மருந்து நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாக்ஸரின் சுருட்டிய உறை வலுவற்றது. 1885ஆம் ஆண்டு சூடான் போரில், சூட்டிலும் புழுதியிலும் உறைகள் குழலுக்குள் சிக்கிக்கொள்ள, வீரர்கள் எதிரியின் முன் தவித்து நின்றார்கள். அதன்பின், ஒரே பித்தளை வில்லையைப் படிப்படியாக அழுத்தி இழுத்துச் செய்யும் உறைகளே நிலைபெற்றன. அந்தப் பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம்.

வீணாகாத வெற்று உறை

ஒரு தோட்டாவில் விலை கூடிய பகுதி பித்தளை உறைதான். 1870ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள், ஈயமும் மருந்தும் வண்டியில் ஏற்றிச் சென்று, பழைய உறைகளையே திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். அன்றைய கரிமருந்து எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரித்துவிடும். அதனால் சுட்ட உறைகளைத் தாமதிக்காமல் நீரில் ஊறவைத்துக் கழுவிக் காய வைப்பது அவர்களுக்குக் கட்டாய வேலையாக இருந்தது.

முதல் உலகப் போரில் இதே வேலை பேரளவில் நடந்தது. 1915ஆம் ஆண்டில் பிரிட்டனில் பீரங்கிக் குண்டுகளுக்குக் கடும் பற்றாக்குறை. களத்தில் கிடந்த 18 பவுண்டர் பீரங்கியின் வெற்று உறைகள் பொறுக்கப்பட்டு, தாயகம் அனுப்பப்பட்டு, சுத்தம் செய்து, வடிவம் திருத்தி மீண்டும் நிரப்பப்பட்டன. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அடிப்பாகத்தில் ஒரு முத்திரை குத்தப்பட்டது. எத்தனை முறை போருக்குப் போய் வந்தது என்பதை அந்த உறையே சொல்லும்.

லாயத்தில் ஒளிந்திருந்த எதிரி

இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்கோ வேறொரு தொல்லை. மழைக்காலத்தில் படை நடவடிக்கை குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாத புதுத் தோட்டாக்களின் கழுத்தில் விரிசல்! ரவையை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த இடத்திலேதான் பெரும்பாலும் வெடிப்பு கண்டது. பருவகாலத்தோடு வந்ததால் இதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் விழுந்தது.

மழை ஈரம் மட்டும்தான் காரணமா? இல்லை. 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் புதிரை அவிழ்த்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஆவிதான் குற்றவாளி. ஆனால் அது தனித்து இயங்கவில்லை. இழுத்தும் அழுத்தியும் செய்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அந்த இறுக்கமும் அமோனியாவும் கைகோத்தால், உலோகம் தானாகப் பிளக்கிறது. தீர்வும் அதிலேயே இருந்தது. உறையை அளவாகச் சூடாக்கினால் இறுக்கம் தளர்ந்துவிடும். இன்றும் ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் சாயல், அப்படிச் சூடாக்கியதன் அடையாளம்.

எதைக் கொண்டு துலக்குவது?

அதனால்தான் பழைய உறைகளைச் சுத்தம் செய்வோர் அமோனியா கலந்த மெருகுத் திரவங்களை ஒதுக்குகிறார்கள். கடைகளில் விற்கும் பித்தளை மெருகுகள் சிலவற்றில் அது உண்டு. தட்டும் விளக்கும் அதைத் தாங்கிக்கொள்ளும்; சுடும்போது பெரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறைக்கு அது ஆகாது. மாறாக, வால்நட் ஓட்டுத் தூளிலோ உலர்ந்த சோளக்கதிர்த் தண்டின் தூளிலோ உறைகளைப் போட்டு உருட்டுகிறார்கள். எலுமிச்சையில் இருப்பது போன்ற மென்மையான அமிலக் கரைசலும் உதவும். பாட்டிமார்களின் புளி செய்வதும் இதே வேலைதான். அமிலத்திலும் அளவு மீறினால் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் இளஞ்சிவப்பாய் எஞ்சும், உறை வலுவிழக்கும். சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியில் ஈயமும் இருக்கலாம் என்பதால், காற்றோட்டமான இடமும் கை கழுவுதலும் மிக அவசியம்.

பளபளப்பு வேறு, வலிமை வேறு. பொன்போல் மின்னும் உறையின் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கலாம். கறுத்துப்போன உறை உறுதியாக இருக்கலாம். எனவே, துலக்கி முடித்த ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஐயம் தோன்றினால் ஒதுக்கிவிடுவது இந்தத் தொழிலின் முதல் விதி. லாயத்தில் கற்ற பாடம் தோட்டாவோடு நிற்கவில்லை. மின் நிலையங்களின் பித்தளைக் குழாய்கள் விரிசல் விடும்போதும் பொறியாளர்கள் தேடிப் பார்ப்பவற்றில் ஒன்று அதே அமோனியாதான்.