தொழிலக மதிப்பீட்டு மையங்கள்

தொழிலக மதிப்பீட்டு மையங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் சிறிய மற்றும் நடுத்தர உற்பத்தி ஆலைகளை நேரில் ஆய்வு செய்து, ஆற்றலையும் மூலப்பொருளையும் சேமிக்கும் வழிகளைக் கட்டணமின்றிப் பரிந்துரைப்பதற்காகப் பல்கலைக்கழகங்களில் அமைக்கப்பட்ட குழுக்கள் ஆகும். 1976 இல் தொடங்கிய இத்திட்டத்திற்கு அந்நாட்டின் ஆற்றல் துறை நீண்டகாலம் நிதி வழங்கியது. ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே பொருந்தும் பரிந்துரைகளை அளிப்பதும், அவற்றுள் எவை நிறைவேற்றப்பட்டன என்பதைப் பின்னர் கேட்டுப் பதிவு செய்வதும் இத்திட்டத்தின் சிறப்புகள் ஆகும்.

இலாபம் தரும் என்று கணக்கிட்டுக் காட்டப்பட்ட பரிந்துரைகளுள் ஏறத்தாழப் பாதியை மட்டுமே ஆலைகள் ஏற்றன என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன. சேமிப்பு எங்கே உள்ளது என்று கண்டறிவதை விட, அதைச் செய்ய வைப்பது கடினம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பொருளியலில் ஆற்றல் திறன் இடைவெளி எனப்படும் இச்சிக்கலை ஆராய்பவர்களுக்கு இம்மையங்களின் தரவுத்தளம் முக்கியமான மூலமாக விளங்குகிறது.

வரலாறு

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எரிபொருள் விலை பெரிதும் உயர்ந்தது. பெரிய நிறுவனங்களில் ஆற்றல் செலவைக் கவனிக்கத் தனிப் பொறியாளர்கள் இருந்தனர். சிறிய ஆலைகளுக்கு அவ்வசதி இல்லை. இக்குறையை நீக்க 1976 இல் ஆற்றல் பகுப்பாய்வு மற்றும் குறையறி மையங்கள் என்னும் பொருள்படும் பெயரில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. 1977 இல் உருவாக்கப்பட்ட ஆற்றல் துறை பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது.

1988 இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கழிவைக் குறைக்கும் வழிகளை ஆராய இதே போன்ற மையங்களைக் கொலராடோ மாநில, லூயிவில், டென்னசி ஆகிய பல்கலைக்கழகங்களில் அமைத்தது. 1990களில் ஆற்றல், கழிவு ஆகிய இரண்டும் ஒரே மதிப்பீட்டில் இணைக்கப்பட்டன. திட்டமும் தொழிலக மதிப்பீட்டு மையங்கள் என்ற பெயரைப் பெற்றது. 2000களில் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதில் பங்குபெற்றன. நியூ செர்சி மாநிலத்தின் ரட்கர்சு பல்கலைக்கழகம் தரவுத்தளத்தைப் பேணியது. 1981 முதலான பரிந்துரைகள், ஆலைகளின் பெயர் நீக்கப்பட்டு, இதில் தொகுக்கப்பட்டுள்ளன.

மதிப்பீட்டு முறை

2000களில் இருந்த விதிகளின்படி, ஆண்டு விற்பனை 10 கோடி டாலருக்கும், பணியாளர் எண்ணிக்கை 500க்கும் குறைவாக உள்ள ஆலைகள் இச்சேவையைப் பெறலாம். ஆலை, பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும். மதிப்பீடு பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறும்:

1. ஓராண்டுக்கான மின்சார, எரிவாயு, நீர்க் கட்டண விவரங்களைக் குழு முன்கூட்டியே பெற்று ஆராயும்.
2. பேராசிரியரும் பொறியியல் மாணவர்களும் ஒரு நாள் ஆலைக்குச் சென்று, இயந்திரங்களை அளந்து, பணியாளர்களுடன் உரையாடுவர்.
3. ஒவ்வொரு பரிந்துரைக்கும் தொடக்கச் செலவு, ஆண்டுச் சேமிப்பு, மீள்வரவுக் காலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அறிக்கை அனுப்பப்படும்.
4. சில மாதங்கள் கழித்து ஆலையைத் தொடர்பு கொண்டு, எவை செய்யப்பட்டன, எவை கைவிடப்பட்டன, ஏன் என்று கேட்டுப் பதிவு செய்யப்படும்.

ஆலைக்கு உதவுவதுடன், மாணவர்களுக்குத் தொழிலக ஆற்றல் மேலாண்மையில் நேரடிப் பயிற்சி அளிப்பதும் இத்திட்டத்தின் நோக்கமாகும்.

பரிந்துரைகளின் வகைகள்

ஆற்றல் தொடர்பான பரிந்துரைகளுள் பல எளியவை. விளக்குகளை மாற்றுதல், அழுத்தக் காற்றுக் குழாய்களின் கசிவை அடைத்தல், கம்பிரசருக்கு வெப்பமான அறைக் காற்றுக்குப் பதிலாக வெளிக் காற்றைத் தருதல், கொதிகலனில் தேவைக்கு மேல் செல்லும் காற்றைக் குறைத்தல், சூடான குழாய்களுக்கு வெப்பக்காப்பு இடுதல், பழுதான மோட்டாருக்குப் பதில் உயர்திறன் மோட்டாரை வாங்குதல் போன்றவை அடிக்கடி இடம்பெறுகின்றன. நன்கு பராமரிக்கப்படாத ஆலைகளில் கம்பிரசர் தரும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவிலேயே வீணாகக் கூடும். கசிவை அடைக்கும் செலவு மிகச் சிறியது. எனினும் கசிவு மீண்டும் மீண்டும் தோன்றும் ஆதலால், இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. தொடர்ந்து கவனிக்க ஓர் ஆள் வேண்டும்.

கழிவு தொடர்பான பரிந்துரைகளில், கழிவை உருவான பின் அகற்றுவதைக் காட்டிலும் உருவாகாமல் தடுப்பதற்கே முதலிடம் தரப்படுகிறது. எடுத்துக்காட்டாக, உலோக முலாம் பூசும் ஆலைகளில் பொருட்களைப் பல தொட்டிகளில் வரிசையாகக் கழுவுவர். பொருள் செல்லும் திசைக்கு எதிர்த் திசையில் நீரைச் செலுத்தினால், குறைந்த நீரே போதும். நச்சுக் கழிவுநீரும் குறையும். இவ்வாறே, அழுக்கான கரைப்பானைக் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தலாம். கழிவின் உண்மைச் செலவு பெரும்பாலும் கணக்கில் மறைந்தே இருக்கும். குப்பை அகற்றும் கட்டணம் மட்டுமே கண்ணில் படும். வீணான மூலப்பொருளின் விலையும், அதைப் பதப்படுத்தச் செலவான உழைப்பும் மின்சாரமும் வேறு தலைப்புகளில் சேர்ந்துவிடும்.

ஏற்பைத் தீர்மானிக்கும் காரணிகள்

மீள்வரவுக் காலம்

சோரன் ஆண்டர்சன், ரிச்சர்டு நியூவெல் ஆகிய பொருளியலாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், ஆலைகள் பரிந்துரைகளுள் ஏறத்தாழப் பாதியை ஏற்றதாகக் கண்டனர். முதலீடு ஓரிரு ஆண்டுகளில் திரும்பி வந்தால்தான் ஆலைகள் அதில் இறங்கின. ஆண்டுக்கு 50 முதல் 100 விழுக்காடு வரை ஆதாயம் எதிர்பார்ப்பதற்கு இது ஒப்பாகும். வங்கி வட்டியுடன் ஒப்பிட்டால் இது மிக உயர்ந்த எதிர்பார்ப்பு. ஆனால் கையிருப்புப் பணம் குறைவாக உள்ள சிறு நிறுவனங்கள் தாங்கள் கடைப்பிடிப்பதாகக் கூறும் அளவுகோலும் இதுவே.

தொடக்கச் செலவு

அதே ஆய்வின்படி, ஆலைகள் ஆண்டுச் சேமிப்பைக் காட்டிலும் தொடக்கச் செலவுக்கு 40 விழுக்காடு கூடுதலாக எதிர்வினை காட்டின. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு பரிந்துரைக்கு 2,000 டாலர் செலவு, ஆண்டுக்கு 1,500 டாலர் சேமிப்பு. மற்றொன்றுக்கு 20,000 டாலர் செலவு, ஆண்டுக்கு 18,000 டாலர் சேமிப்பு எனக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் முதலாவது 5,500 டாலரும் இரண்டாவது 70,000 டாலரும் நிகர ஆதாயம் தரும். இரண்டாவதன் மீள்வரவுக் காலமும் குறைவு. எனினும் கையிலிருந்து முதலில் செல்லும் தொகை பெரிதாக இருப்பதால் அது ஒத்திவைக்கப்படும் வாய்ப்பு மிகுதி. எனவே, ஆற்றல் விலையை உயர்த்துவதை விடத் தொடக்கச் செலவுக்கு மானியம் தருவது கூடுதல் பயன் தரலாம் என்று இவ்வாய்வாளர்கள் கருதினர்.

பரிந்துரைகளின் வரிசை

சுரேசு முத்துலிங்கம் முதலானோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, 13,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட ஒரு இலட்சத்திற்கும் மேலான பரிந்துரைகளை ஆராய்ந்தது. அறிக்கையில் முன்னால் இடம்பெறும் பரிந்துரைகள் கூடுதலாக ஏற்கப்பட்டன என்று இது காட்டியது. பரிந்துரைகளின் எண்ணிக்கையோ ஏற்பைப் பாதிக்கவில்லை. ஆகவே பட்டியலைச் சுருக்குவதை விட, எதை முதலில் வைப்பது என்று சிந்திப்பதே முக்கியமாகும். இதற்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை.

முடிவெடுப்பவர்

752 நிறுவனங்களைப் பற்றி 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வு, மதிப்பீட்டில் ஆலையிலிருந்து யார் கலந்துகொண்டனர் என்பதை ஆராய்ந்தது. உற்பத்தி இயக்கத்திற்குப் பொறுப்பான உயர் மேலாளர் கலந்துகொண்ட இடங்களில் ஏற்பு உயர்ந்தது. உற்பத்தியுடன் நேரடித் தொடர்பில்லாத உயர் அலுவலர் கலந்துகொண்டதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. ஒப்புதல் தரும் அதிகாரத்துடன், எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்தலாம் என்ற அறிவும் ஒருவரிடமே இருப்பது இதற்குக் காரணமாகலாம்.

மறுப்புக்கான காரணங்கள்

ஆலைகள் கூறும் காரணங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

பொருளியல் காரணங்கள்: தொடக்கச் செலவு மிகுதி, மீள்வரவுக் காலம் நீண்டது, வேறு முதலீடுகளுக்கு முன்னுரிமை.

தொழில்நுட்பக் காரணங்கள்: உற்பத்தி நிற்குமோ, பொருளின் தரம் குறையுமோ என்ற அச்சம், இடமின்மை. வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்த செய்முறையை மாற்ற இயலாமை கழிவு தொடர்பான பரிந்துரைகளில் பெருந்தடையாகலாம்.

நிருவாகக் காரணங்கள்: பொறுப்பானவர் வேலையை விட்டுச் செல்லுதல், ஆள் பற்றாக்குறை, ஆலை இடம் மாறவிருத்தல், தலைமையகத்தின் ஒப்புதல் கிடைக்காமை.

எல்லா மறுப்புகளையும் அறியாமை என்று கொள்ள இயலாது. ஒரு நாள் உற்பத்தி நின்றால் ஏற்படும் இழப்பு, ஓராண்டு ஆற்றல் சேமிப்பை விடப் பெரிதாக இருக்கக் கூடும். அறிக்கையில் இவ்விழப்பு சேர்க்கப்படாவிட்டால், ஆலையின் மறுப்பு பகுத்தறிவுக்கு ஒத்ததே. பரிந்துரை அந்த ஆலைக்கென்றே தைத்த சட்டை போல் பொருந்த வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

ஏற்பை உயர்த்தும் வழிகள்

ஆய்வுகளின் அடிப்படையில் பின்வருவனவற்றைக் கூறலாம்:

* ஆதாயம் மிகுந்த பரிந்துரையை அறிக்கையின் தொடக்கத்தில் வைத்தல்
* உற்பத்திப் பொறுப்பாளரை முதல் நாளிலிருந்தே ஈடுபடுத்துதல்
* உற்பத்தி நிறுத்தம், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றின் செலவையும் கணக்கில் காட்டுதல்
* தொடக்கச் செலவைக் குறைக்கும் மானியம் அல்லது கடன் வசதியை அறிக்கையிலேயே குறிப்பிடுதல்
* குறித்த காலத்தில் மீண்டும் தொடர்பு கொள்ளுதல்

2021 இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேற்றப்பட்ட உட்கட்டமைப்புச் சட்டம், மதிப்பீட்டுப் பரிந்துரைகளை நிறைவேற்றும் சிறு, நடுத்தர ஆலைகளுக்கான மானியமாக 40 கோடி டாலர் ஒதுக்கியது. ஓர் ஆலைக்கு 3 இலட்சம் டாலர் வரை, திட்டச் செலவில் பாதிக்கு மிகாமல் வழங்க இது வழிசெய்தது. ஆலோசனையுடன் பணமும் தேவை என்பதன் ஏற்பாகவே இதைக் கருதலாம்.

பிற நாடுகளில்

ஆசுத்திரேலியா 1991 முதல் 1997 வரை நடத்திய திட்டத்தில், ஆற்றல் தணிக்கைச் செலவின் ஒரு பகுதியை நிறுவனங்களே ஏற்றன. அங்கு பரிந்துரைகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு நிறைவேற்றப்பட்டதாக ஓர் ஆய்வு கூறுகிறது. பணம் கொடுத்துப் பெற்ற அறிவுரைக்கு மதிப்புக் கூடுதல் என்றோ, ஆர்வமுள்ள நிறுவனங்களே பணம் கொடுக்க முன்வந்தன என்றோ இதை விளக்கலாம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1987 இல் தொடங்கிய வேறொரு முறையில், பல நிறுவனங்கள் குழுவாகக் கூடி, பொது இலக்கு வகுத்து, அனுபவங்களைப் பகிர்ந்து கொள்கின்றன. செருமனி இம்முறையைப் பின்பற்றி, 2020க்குள் 500 குழுக்களை உருவாக்க 2014 இல் இலக்கு வகுத்தது.

தரவின் வரம்புகள்

தரவுத்தளத்தில் உள்ள சேமிப்பு அளவுகள் பெரும்பாலும் கணக்கிடப்பட்டவை. செயற்படுத்திய பின் அளக்கப்பட்டவை அல்ல. நிறைவேற்றப்பட்டது என்ற செய்தியும் ஆலை கூறுவதே. சில மாதங்களில் கேட்கப்படுவதால், பின்னர் செய்யப்பட்டவை விடுபடுகின்றன. மதிப்பீடு நடைபெறாவிட்டாலும் அதே மாற்றங்களை ஆலை செய்திருக்குமா என்பதையும் இத்தரவைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. இவ்வரம்புகளுக்கு உட்பட்டே பாதியளவு ஏற்பு என்னும் முடிவைக் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஆற்றல் தணிக்கை
* ஆற்றல் சேமிப்பு
* கழிவு மேலாண்மை
* மீள்வரவுக் காலம்