எவ்வளவு வாங்கலாம்? கெல்லி சூத்திரம் பிறந்த கதை

எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவை அந்த ஒரு பங்கில் போடலாம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பலரும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. டீமேட் கணக்கில் அன்றைக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு உண்டு. கெல்லி சூத்திரம் என்று அதற்குப் பெயர். அது உருவானது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். ஆனால் அதே விடை அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சரக்குக் கப்பல்களைப் பற்றிய ஒரு கணக்கில் வந்துவிட்டது.

1738-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் டேனியல் பெர்னூலி லத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் செம்ப்ரோனியஸ் என்றொரு வணிகர் வருகிறார். ஊரில் அவருக்கு 4,000 டுகாட் சொத்து. வெளிநாட்டில் 8,000 டுகாட் பெறுமான சரக்கு; அது கடல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அந்தக் கடலில் பத்துக்கு ஒரு கப்பல் மூழ்கிவிடும். ஒரே கப்பலில் ஏற்றினாலும் இரண்டில் பாதிப் பாதியாக ஏற்றினாலும் சராசரியாகக் கரைசேர்வது 7,200 டுகாட்தான். ஆனால் பெர்னூலியின் கணக்குப்படி, ஒரே கப்பலில் வரும் சரக்கின் மதிப்பு அவருக்கு 6,751. இரண்டில் வந்தால் 7,033.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எல்லாம் போனால் அந்த மனிதரிடம் என்ன மிஞ்சும் என்பதையும் பெர்னூலி கணக்கில் சேர்த்தார். வருவதையும் போவதையும் வெறுமனே கூட்டி வகுக்காமல், இருக்கும் சொத்து எத்தனை மடங்காகிறது என்று பெருக்கிப் பார்த்தார். அதே கட்டுரையில் இன்னொரு வணிகர். 10,000 ரூபிள் சரக்கு, நூற்றுக்கு ஐந்து கப்பல் மூழ்கும், காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். காப்பீடு இல்லாமல் அவர் துணியலாமா? வேறு சொத்து 5,043 ரூபிளாவது இருந்தால் துணியலாம் என்றார் பெர்னூலி. சரக்கும் ஒன்று, கடலும் ஒன்று. ஆளின் கையிருப்பைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஒரு பங்கை எவ்வளவு வாங்கலாம் என்பதும் இதே போன்ற கேள்விதான்.

அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வர 1954 ஆனது. இரண்டே ஆண்டுகளில், அதன் தொடர்ச்சியாக இல்லாமல் முற்றிலும் வேறு வழியில், இதே விடைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஜான் லாரி கெல்லி டெக்சாஸ்காரர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்தவர். பிறகு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை எழுதியது அங்கேதான், 1948-ல். இரைச்சலுள்ள ஒரு கம்பியில் பிழையில்லாமல் எவ்வளவு செய்தி அனுப்ப முடியும் என்பதற்கான கணிதம் அது. செய்தியைத் தகுந்த குறியீடாக மாற்றி அனுப்பினால்தான் அந்த உச்ச வீதத்தை எட்ட முடியும் என்றார் ஷானன். குறியீடே இல்லாத இடத்தில் அந்த வீதத்துக்கு ஏதாவது பொருள் உண்டா என்று கெல்லி யோசித்தார்.

அதற்காக அவர் ஒரு சூதாடியைக் கற்பனை செய்தார். சமபலமுள்ள இரண்டு அணிகளின் பேஸ்பால் ஆட்டங்கள். முடிவு ஊருக்குத் தெரியும் முன்பே ஒரு தனிக் கம்பி வழியாக அவருக்கு வந்துவிடுகிறது. கம்பியில் இரைச்சல் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் முழுப் பணத்தையும் கட்டலாம். இரைச்சல் இருந்தால் செய்தி சில நேரம் தப்பாக வரும். அப்போதும் சராசரி லாபத்தை மட்டும் பார்த்தால் ‘முழுசையும் கட்டு’ என்றுதான் கணக்கு சொல்லும். அப்படியே கட்டிக்கொண்டு போனால் ஏதோ ஒரு நாள் எல்லாம் போய்விடும் என்பது உறுதி.

ஆகவே கையிருப்பில் ஒரு குறிப்பிட்ட பங்கை மட்டும் கட்ட வேண்டும். கட்டிய அளவே வெல்லவோ தோற்கவோ கூடிய சமப் பந்தயத்தில் அது எவ்வளவு? செய்தி சரியாக இருக்கும் வாய்ப்பிலிருந்து தவறும் வாய்ப்பைக் கழித்தால் வருவது. 60 சதவீதம் சரி, 40 சதவீதம் தவறு என்றால் 20 சதவீதம். அப்படிக் கட்டினால் பணம் வளரக்கூடிய உச்ச வேகம் ஷானனின் தகவல் வீதத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. கட்டுரை 1956 ஜூலையில் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வந்தது.

இதன் கூர்மையை எண்களில்தான் பார்க்க வேண்டும். ஒரு லட்ச ரூபாயோடு பத்து முறை கட்டுகிறோம். ஆறில் வெற்றி, நான்கில் தோல்வி. ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 10 சதவீதம் கட்டியவரிடம் முடிவில் 1,16,232 ரூபாய் இருக்கும். 20 சதவீதம் கட்டியவரிடம் 1,22,306. 40 சதவீதம் கட்டியவரிடம் 97,583. 60 சதவீதம் கட்டியவரிடம் 42,950. நால்வரும் கட்டியது ஒரே பக்கம்தான், கணித்ததும் சரியாகத்தான். அளவு மீறிய இருவர் மட்டும் நட்டத்தோடு வெளியே வருகிறார்கள்.

கட்டுரையின் முடிவில் கெல்லி ஒரு விதிவிலக்கும் தருகிறார். சூதாடியின் மனைவி வாரம் ஒரு டாலர் மட்டும் கொடுக்கிறார். வென்றதைத் திரும்பக் கட்டக் கூடாது என்று நிபந்தனை. அப்போது அந்த டாலரை முழுதாகவே கட்டலாம். ஒரு வாரத்து நட்டம் அடுத்த வாரத்து முதலைத் தொடாது. பணம் பெருகிப் பெருகி வளரும் இடத்துக்கு மட்டுமே தன் சூத்திரம் என்று இதனால் விளங்கவைத்தார். பங்கு முதலீடு அப்படிப்பட்ட இடம்தான்.

கெல்லி 1965-ல் 41 வயதில் காலமானார். அதற்கு முன்பே சூத்திரம் வெளியுலகுக்குப் போய்விட்டது. எம்.ஐ.டி.யில் பணியாற்றிய இளம் கணித ஆசிரியர் எட்வர்ட் தார்ப், பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் ஆட்டக்காரருக்குச் சாதகமான தருணங்களைக் கண்டறியும் முறையை வகுத்திருந்தார். எப்போது கட்டுவது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பதற்காகக் கெல்லியின் கட்டுரையைப் படிக்கச் சொன்னவர் ஷானன். 1961-ல் நெவாடா சூதாட்டக் கூடங்களில் அதைச் சோதித்துப் பார்த்த தார்ப், 1962-ல் அது பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு பங்குச் சந்தைக்கு வந்தார். 1969-ல் தொடங்கி ஏறத்தாழ 19 ஆண்டுகள் அவர் நடத்திய முதலீட்டு நிதி ஓர் ஆண்டுகூட நட்டம் காட்டவில்லை.

எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் பால் சாமுவேல்சன் 1979-ல் இதை மறுத்து எழுதிய கட்டுரையில், கடைசிச் சொல்லைத் தவிர எல்லாமே ஓரசைச் சொற்கள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியட்டும் என்பது போல எழுதினார். வேகமாக வளர்வது மட்டுமே எல்லோருக்கும் குறிக்கோள் ஆகாது, ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மனம் ஆளுக்கு ஆள் வேறு என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம். விலை சிறுசிறு அசைவுகளாக மாறும் என்று வைத்துக் கணக்கிட்டால், சூத்திரம் சொன்னபடி முழுதாகப் போடுபவரின் முதல் என்றைக்காவது பாதியாகச் சுருங்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரவில் தூங்க நினைக்கும் குடும்பஸ்தருக்கு இது ஒத்துவராது.

இந்த இழுபறியில் பிறந்ததுதான் ‘அரைக் கெல்லி’. சூத்திரம் சொல்லும் அளவில் பாதியைப் போட்டால் வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைக்கிறது. போட்ட முதல் பாதியாகச் சுருங்கும் வாய்ப்போ எட்டில் ஒன்றாக இறங்குகிறது. பங்கு வாங்குபவருக்கு இதில் இன்னொரு காப்பும் உண்டு. பந்தயத்தில் வாய்ப்பு தெரியும். பங்கில் அதை நாமே ஊகிக்கிறோம். வைப்புநிதி வட்டிக்கு மேல் ஒரு பங்கு தரப்போகும் லாபத்தை, அதன் விலை ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதே பங்குக்கான கெல்லி அளவு. வட்டிக்கு மேல் 6 சதவீதம், ஏற்ற இறக்கம் 30 சதவீதம் என்றால் கையிருப்பில் மூன்றில் இரண்டு. உண்மையில் அந்தப் பங்கு 3 சதவீதம்தான் தரும் என்றால் சரியான அளவு மூன்றில் ஒன்று. இரட்டிப்பாக நம்பியதால் இரட்டிப்பாக வாங்கியவருக்கு வட்டிக்கு மேல் வளர்ச்சி என்று எதுவுமே மிஞ்சாது. அதிலும் பாதியை மட்டும் வாங்கியிருந்தால், அவ்வளவு தப்பாகக் கணித்தும் சரியான அளவிலேயே நிற்பார்.

நான் இந்தச் சூத்திரத்தை மதிப்பது அது தரும் எண்ணுக்காக அல்ல. நாம் ஊகிக்கும் லாபம் எவ்வளவு நம்பத்தக்கதோ, அவ்வளவுதான் அந்த எண்ணும். நல்ல பங்கைக் கண்டுபிடித்தவரும் அளவு தவறினால் அழிவார் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியதற்காகவே மதிக்கிறேன். அதனால் வாங்கும் முன்பே மூன்றை எழுதி வைப்பது நல்லது: மொத்தக் கையிருப்பு எவ்வளவு, இந்த ஒரு பங்குக்கு அதில் எத்தனை சதவீதம், என் கணிப்பு பாதிதான் சரி என்றாலும் அந்தச் சதவீதம் தாங்குமா. மூன்றாவதற்குத் தயங்காமல் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால், பங்கை மாற்ற வேண்டாம். அளவைக் குறைத்தால் போதும்.