செக் எஞ்சின் விளக்கு யாருக்காக எரிகிறது?

பதினைந்து இருபது வருடம் ஓடிய பெட்ரோல் கார், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறிவிட்டுப் பிறகுதான் இழுக்கிறது. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிகிறது. இன்றைய வழக்கப்படி ஸ்கேனரைச் செருகி எரர் கோடு பார்ப்பார்கள். அதில் எந்த சென்சாரின் பெயர் வருகிறதோ அதை மாற்றுவார்கள். திணறல் போகவில்லை என்றால் அடுத்த சென்சார். சில வண்டிகளில் குழப்பம் இன்னும் கூடுதல்: வண்டி நன்றாகத் திணறும், விளக்கே எரியாது, அல்லது விளக்கு மாதக்கணக்கில் எரியும், ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. இதற்கெல்லாம் மெக்கானிக்கின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. அந்த விளக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. அதை வைக்கச் சொன்னவர்கள் ஓட்டுகிறவரையோ மெக்கானிக்கையோ மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் காற்றை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். இதை மறந்துவிட்டு விளக்கை நம்புவதாலும், இதை மறந்துவிட்டு விளக்கைத் திட்டுவதாலும்தான் பழைய கார்களில் இத்தனை பணம் வீணாகிறது என்பது என் வாதம்.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண் எரியவைக்கும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் எதிரி விஷவாயு வீசிவிட்டானோ என்று மக்கள் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரித்த ஆலை ஒன்றின் மேல் பழி விழுந்தது. ஆலையை அடக்கிய பிறகும் மூட்டம் வந்துகொண்டே இருந்தது. விடையைக் கண்டுபிடித்தவர் அன்னாசிப்பழ வாசனையின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் விஞ்ஞானி ஆரி ஹாகன்-ஸ்மிட். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டுகள் எவ்வளவு சீக்கிரம் வெடிக்கின்றன என்பதை வைத்தே காற்றின் ஓசோனை அளந்த காலம் அது. கார் நிறுவனங்கள் அவர் முடிவை எளிதில் ஏற்கவில்லை. ஆனால் 1967இல் கலிபோர்னியா தனக்கென ஒரு காற்றுவள வாரியத்தை அமைத்தபோது அதன் முதல் தலைவரானவர் அவர்தான். மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியது இந்த வாரியம்.

1970இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், காரின் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 1975ஆம் ஆண்டு மாடலுக்குள் 90 சதவீதம் குறைய வேண்டும் என்றது. கெடு பின்னால் தள்ளிப்போனாலும் நெருக்கடி உண்மையானது. நிறுவனங்கள் கையில் அப்போது இருந்தது கார்புரேட்டர்தான். பெட்ரோல் கலவையை மெலிதாக்கினார்கள், தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார்கள், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் திணறல் வராமல் இருக்க முடியாது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காற்று உடனே பாய்ந்துவிடுகிறது; பெட்ரோல் கனமானது, இன்டேக் மேனிஃபோல்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதமாக வருகிறது. அந்தக் கண நேரத்தில் கலவை மெலிந்து சிலிண்டர் சரியாகத் தீப்பிடிப்பதில்லை. இதைச் சமாளிக்கத்தான் கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் என்ற சின்னப் பீச்சாங்குழல் இருந்தது. கலவை ஏற்கெனவே மெலிந்திருந்தால் அந்தப் பீச்சல் போதாது. முன்பெல்லாம் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிக் கலவையைச் செழிப்பாக்கிவிடுவார். அதனால் புகையளவு கெடும் என்பதால் அந்த ஸ்க்ரூவுக்கு முதலில் வரம்பு மூடி போட்டார்கள், பிறகு உலோக அடைப்பால் மூடியே விட்டார்கள். கார் பழுதுபார்க்கும் தொழிலின் வரலாற்றில் இதைப் பெரிய திருப்பமாகவே நான் பார்க்கிறேன். கலவையின் மீதான அதிகாரம் மெக்கானிக்கின் கையிலிருந்து சட்டத்தின் கைக்குப் போனது அப்போதுதான்.

அந்த அதிகாரத்தைச் செலுத்த ஒரு கருவி வேண்டியிருந்தது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று நச்சுகளையும் ஒரே நேரத்தில் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டியே கலவை நின்றால்தான் வேலை செய்யும். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை முகர்ந்து சொல்லும் பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் 1976இல் வந்தது. 1977 மாடல் வோல்வோ கார்கள் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோயின. அந்த வோல்வோவின் டேஷ்போர்டில் லாம்டா சோண்ட் என்று எழுதிய விளக்கு ஒன்று உண்டு. அது எந்தப் பழுதையும் கண்டுபிடித்து எரியவில்லை. குறிப்பிட்ட மைல் ஓடியதும் எரியும், சென்சாரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த படியில் கணினி வந்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கப் பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதைப் பொருத்தி, செக் எஞ்சின் விளக்கையும் வைத்தது. அந்தக் கார்களில் டேஷ்போர்டின் கீழுள்ள சாக்கெட்டின் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் விளக்கு கண் சிமிட்டும்: ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல். அது 12. எஞ்சின் ஓடவில்லை, கணினி விழித்திருக்கிறது என்று பொருள். பிறகு 44 வந்தால் கலவை மெலிவு, 45 வந்தால் செழிப்பு. கிரைஸ்லர் கார்களில் சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்ய வேண்டும். ஃபோர்டில் வோல்ட்மீட்டர் முள் ஆடுவதை எண்ண வேண்டும். பல ஹோண்டா கார்களில் கணினிப் பெட்டியிலேயே ஒரு குட்டி விளக்கு, அதைப் பார்க்கக் காலடிக் கம்பளத்தைத் தூக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியதும் மெக்கானிக்குகளின் கோரிக்கையால் அல்ல. கலிபோர்னியா 1985இல் எழுதிய முதல் விதி 1988 மாடல்களுக்கு வந்தது. ஓபிடி-2 எனப்படும் இரண்டாம் விதி 1994இல் தொடங்கி 1996 மாடலோடு நாடு முழுவதற்குமானது. எல்லாக் காருக்கும் ஒரே பதினாறு முனைச் சாக்கெட், ஒரே மாதிரிக் கோடு எண்கள். விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதையும் அந்த விதியே வரையறுத்தது, என் வாதத்துக்கு ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. பொதுவாகப் புகை அளவு சட்ட வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு ஆகக்கூடிய பழுதாக இருந்தால் எரிய வேண்டும். பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தென்படாவிட்டால் அணையலாம். சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்து, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைப் பொசுக்கும் அளவுக்குப் போனால் மட்டும் விளக்கு கண் சிமிட்ட வேண்டும். ஓட்டுகிறவர் உணரும் பிக்கப் குறைவு இந்த வரையறையில் எங்கும் இல்லை. முழு ஆக்சிலரேட்டரில் வழக்கமான கணினிகள் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தம் கணக்கில் உள்ள அளவையே ஊற்றுகின்றன. பெட்ரோல் பம்ப் தளர்ந்து மேட்டில் வண்டி மூச்சு வாங்கினாலும் விளக்கு எரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். பக்கத்திலேயே எரியும் சிவப்பு விளக்குகளின் பரம்பரை வேறு. ஆயில் அழுத்தத்தையும் எஞ்சின் சூட்டையும் காட்டும் அவை எஞ்சினைக் காப்பாற்ற வந்தவை. அவை எரிந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். மஞ்சள் விளக்குக்குச் சிவப்பு நிறம் கூடாது என்று அமெரிக்க விதியே தடுத்திருக்கிறது.

P0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம், பழைய கார்களில் அடிக்கடி வருவது. கலவை மெலிந்திருக்கிறது என்பதே அதன் செய்தி. ஆக்சிஜன் சென்சார் சொன்னதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், இருபது இருபத்தைந்து சதவீதம் கூட்டியும் போதவில்லை என்றதும் இந்தக் கோடை எழுதுகிறது. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்த செய்தியாகவே அது பெரும்பாலும் இருக்கும். அதை வைத்துச் சென்சாரை மாற்றுவது சேதி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது போன்றது. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்தால் வழி திறக்கிறது. ஐட்லிங்கில் கூட்டல் இருபது, 2500 ஆர்பிஎம்மில் கூட்டல் மூன்று என்று இறங்கினால், எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது: வெடித்த வேக்குவம் ஹோஸ், உலர்ந்த மேனிஃபோல்ட் கேஸ்கெட், காற்றளவு சென்சாரைத் தாண்டிய இடத்தில் கிழிந்த ரப்பர் குழாய். ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டை அங்கேதான் பெரிதாகத் தெரியும். அதற்கு மாறாக லோடு ஏற ஏற எண் கூடினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டரையும் பம்ப் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இதே கேள்வியைக் கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் வேக்குவம் கேஜை மாட்டி முள் எப்படி ஆடுகிறது என்று பார்த்தும், மேனிஃபோல்ட் இணைப்புகளில் ஸ்ப்ரே அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தும் கேட்டார். கருவி மாறியிருக்கிறது, யோசனை ஒன்றே.

பழைய கைத்திறனுக்கு நான் மாலை போடுவதாக இங்கே ஒரு மறுப்பு வரலாம், அதில் நியாயம் உண்டு. தேய்ந்த பாயிண்ட்டும் கெட்ட கண்டன்சரும் செய்த குற்றத்துக்காக எத்தனையோ கார்புரேட்டர்கள் கழற்றிப் பிரிக்கப்பட்டன. காது கேட்டதெல்லாம் சரியாக இருந்ததில்லை. அதனால்தான் அமெரிக்க கராஜ்களில் சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆசிலோஸ்கோப் பெட்டிகள் கணினிக்கு முன்பே இடம்பிடித்தன. எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று P0301 முதலான கோடுகள் நேரடியாகச் சொல்வது பெரிய உதவி. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: காற்றுக்காக வந்த விதிதான் சின்ன மெக்கானிக்கையும் காப்பாற்றியது. பொதுச் சாக்கெட் இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுவனமும் தன் காரைத் தானே பூட்டி வைத்துக்கொண்டிருக்கும். புகை தொடர்பான பழுது விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தில் எழுதியது. இதை மனமார ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதவு திறந்ததால் கிடைத்தவை வெறும் எண்கள் அல்ல, ஃப்யூயல் ட்ரிம்மும், பழுது நேர்ந்த கணத்தின் சூடு, வேகம், லோடு ஆகியவற்றைப் பிடித்து வைக்கும் பதிவும்கூட. கோடோடு நிற்கிறவர் திறந்த கதவின் வாசலிலேயே நிற்கிறார்.

இந்தியாவுக்கு இந்த விளக்கு பாதி வரலாற்றோடுதான் வந்து சேர்ந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. உச்ச நீதிமன்றத்தின் 1999 உத்தரவுக்குப் பின் யூரோ விதிகள் தலைநகர் வட்டாரத்தில் விரைந்து வர, கார்புரேட்டர் போய், கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் ஓபிடியின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. இதனால் 2000க்கும் 2010க்கும் இடையில் வந்த பல கார்களில் விளக்கு உண்டு, பொது மொழி இல்லை. அந்தந்த நிறுவனத்தின் ஸ்கேனரோடுதான் அவை பேசும். அவற்றில் திணறல் என்றால் வேக்குவம் ஹோஸ், பிளக், த்ராட்டில் பாடி, பெட்ரோல் அழுத்தம் என்று கையால் தேடுவதுதான் முதல் வழி. இருட்டில் பானட்டைத் திறந்து பிளக் வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் மின்சாரம் நீலப் பொறியாகத் தாவுவது கண்ணுக்கே தெரியும். இதற்கு எந்தக் கோடும் வேண்டியதில்லை.

வந்து சேராத மறுபாதி, விளக்கின் அசல் கடமை. கலிபோர்னியாவின் புகைச் சோதனையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கார் தோற்றுவிடும். 2015 முதல் அங்கே 2000ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியவையுமான பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் சாக்கெட் வழியாகவே சோதிக்கப்படுகின்றன. கோடை அழித்துவிட்டு நேராகச் சோதனைக்கு வந்தால், கணினி தன் பரிசோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்பது தெரிந்து மாட்டிக்கொள்வார்கள். நம் பி.யு.சி. மையத்தில் பெட்ரோல் காரின் புகைக்குழாய்க்குள் ஒரு குழலை நுழைத்து, நிற்கும் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கிறார்கள். ஓசோனுக்கு மூலமான நைட்ரஜன் ஆக்சைடு, லோடு ஏறும்போது அதிகம் பிறப்பது, அந்த அளவையில் வருவதே இல்லை. செயலிழந்த கன்வெர்ட்டரோடு, மஞ்சள் விளக்கு எரிந்தபடியே சான்றிதழ் வாங்கிப் போக இங்கே வழியிருக்கிறது. 2010க்குப் பிந்திய கார்களில் பதினாறு முனைச் சாக்கெட் ஸ்டியரிங்கின் கீழேயே இருக்கும்போது, பி.யு.சி. சோதனையில் அதையும் படிக்கச் சொல்லப் பெரிய செலவு ஆகாது.