இல்போர்ட் முதியவரும் ஆனந்தம் என்னும் பொருளும்



நம் குட்மேய்ஸுக்கு அடுத்த இல்போர்டில் வாழ்ந்தவர் பௌஜா சிங். 1994இல் பஞ்சாபில் மகன் குல்தீப்பைப் பறிகொடுத்து, இங்கே இன்னொரு மகனிடம் வந்து சேர்ந்தார். மொழியறியா ஊர், ஆறாத துயர். அத்தகைய முதியோரை நம் பங்கிலும் காண்கிறேன். அவர் ஓடத் தொடங்கினார். 2000இல், 89ஆம் வயதில், இலண்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 2011இல், நூறாம் வயதில், டொராண்டோவிலும் ஓடினார்.

ஓட்டம் துயரை எவ்வாறு ஆற்றுகிறது? 1975இல் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மார்பினை ஒத்த பொருள்கள் மூளையிலேயே இருப்பதைக் கண்டறிந்தனர். நெடுந்தூரம் ஓடுவோரின் களிப்புக்கு அவ்வினத்து எண்டோர்பினே காரணம் என்று பின்னர் நம்பப்பட்டது. இரத்தத்தில் பெருகும் எண்டோர்பினோ மூளைக்குள் எளிதில் புகாது. 2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இரண்டு மணி நேரம் ஓடிய பத்துப்பேரின் மூளையைப் படம்பிடித்து, அங்கேயே அது சுரப்பதற்குச் சான்று கண்டனர். ஆயினும் 2021இல் அதன் செயலை மருந்தால் தடுத்து ஓடவிட்டபோதும் களிப்புக் குன்றவில்லை.

இப்போது ஆய்வாளர் பார்வை, 1992இல் எருசலேமில் கண்டறியப்பட்ட ஆனந்தமைடின்மீது விழுந்துள்ளது. கொழுப்பில் கரைவதால் அது மூளைக்குள் எளிதில் நுழையும்; ஓட்டத்தின்பின் இரத்தத்தில் பெருகவும் செய்கிறது. வடமொழி 'ஆனந்த'த்திலிருந்தே அப்பெயரை இட்டனர். பெயர்சூட்டத் தெரிந்தவர்கள்!

பௌஜா சிங் 2025 சூலையில், 114ஆம் வயதில், தம் பிறந்த ஊரில் சாலையைக் கடக்கையில் வண்டி மோதி மறைந்தார்.