ஷெர்லி: ஒரு காட்டுவெளி பெண்பெயரான வரலாறு

ஷெர்லி என்ற பெயர் நம் செவிக்குப் பெண்பெயராகவே ஒலிக்கிறது. தோழி, கிழவி என இகர ஈற்றில் பெண்பாலைக் கேட்டுப் பழகிய காது அது. ஆங்கிலத்திலோ அந்த ஈற்றுக்கும் பெண்மைக்கும் தொடர்பில்லை. அங்கே 'லி' என்பது ஒரு நிலம்.

பழைய ஆங்கிலத்தில் 'லேயா' என்பது காட்டுக்குள் மரமடர்த்தி விலகி வானம் தெரியும் இடம். பிராம்லி, ஹென்லி, பந்தாட்டத்துக்குப் பேர்போன வெம்ப்ளி ஆகியவற்றின் ஈறெல்லாம் அதுவே. இலத்தீனில் தோப்பைக் குறிக்கும் 'லூக்குசு' இதன் உறவு. வடமொழியில் முதலில் திறந்த வெளியைக் குறித்துப் பின்னர் வையத்தையே குறித்த 'லோக'மும் அக்குடும்பத்ததே. அந்த லோகமே தமிழில் முன்னே உகரம் பெற்று உலகமாயிற்று என்பார் ஒருசாரார்; உலவுதலிலிருந்து கிளைத்த தனித்தமிழ்ச் சொல்லே உலகு என்பார் தனித்தமிழ் அறிஞர். அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை; சங்கப் புலவர் வாயில் தமிழாகவே பழகிய சொல் அது.

இனி முற்பகுதி. 'ஷீர்' என ஒலித்த பழஞ்சொற்கள் இரண்டு உண்டு. இரண்டையும் ஒரே எழுத்துகளால் எழுதினர். ஒன்று, ஒளி பொருந்திய, தெளிந்த என்னும் அடை. மற்றொன்று ஆட்சிப் பிரிவு, அதாவது யார்க்‌ஷயர், ஹாம்ப்ஷயர் என்பவற்றின் கடையில் இன்றும் நிற்கும் 'ஷயர்'. ஆகவே ஷெர்லியை ஒளிவெளி என்றும் பிரிக்கலாம். நாட்டார் மன்று கூடிய வெளி என்றும் பிரிக்கலாம். ஊர்க்கு ஊர் பொருள் வேறுபட்டிருக்கவும் கூடும், ஏனெனில் டார்பிஷயரிலும், சவுத்தாம்ப்டனிலும், குராய்டனிலும், பர்மிங்காமை அடுத்தும் ஷெர்லிகள் உண்டு. எனக்கு ஒளிவெளியே இனிக்கிறது. இருண்ட காட்டினூடே நடந்து வந்தவன் அங்கு இட்டிருக்கக்கூடிய பெயர் அது.

1086இல் முதலாம் வில்லியத்தின் நிலக்கணக்கு ஏட்டில் இப்பெயர் 'சிரெலெய்' என்று பதிவாயிற்று. பிரெஞ்சு பழகிய எழுத்தர்க்கு ஆங்கிலத்தின் ஷகரம் கைவரவில்லை. கிரந்தம் தவிர்த்துச் 'செர்லி' என்றெழுதும் நம்மவர் அவர்களிடம் ஒரு தோழமை காணலாம்.

ஊர்ப்பெயர் பின்பு குடிப்பெயராயிற்று. டார்பிஷயர் ஷெர்லியின் பெயரைத் தாங்கிய பெருங்குடியினர் ஃபெரர்ஸ் பிரபுக்களாயினர். அவர்களுள் ஒருவர் தம் பணியாளைக் கொன்று 1760இல் தூக்கிலிடப்பட்டார். நாடக ஆசிரியர் ஜேம்ஸ் ஷெர்லிக்கும் அது குடிப்பெயரே. அரிதாக ஆண்மக்களுக்கு அதை முதற்பெயராக இட்டதும் உண்டு.

இந்நிலையில், 1849இல் சார்லட் பிராண்ட்டி, கரர் பெல் என்னும் புனைபெயரில் 'ஷெர்லி' புதினத்தை வெளியிட்டார். ஆண்மகவை விரும்பிய பெற்றோர், பெண்ணே பிறந்ததால், மகனுக்கென வைத்திருந்த குடிப்பெயரை அவளுக்கே இட்டனர் என்பது கதை. நிலமும் செல்வமும் உடைய அந்த ஷெர்லி கீல்டார் தன்னைக் கேப்டன் கீல்டார் என்று விளையாட்டாய் அழைத்துக்கொள்வாள். பெயரின் ஆண்தன்மை உணர்ந்த வாசகர்க்கே அந்த நகை முழுதாய்ச் சுவைத்திருக்கும். புதினம் அந்தச் சுவையைத் தானே அழித்துவிட்டது: அதைப் படித்தவர்கள் பெண்மக்களுக்கு ஷெர்லி என்று பெயரிடத் தொடங்கினர், 1928இல் பிறந்த ஷெர்லி டெம்பிள் குழந்தை நட்சத்திரமாகியதும் வழக்கு ஏறக்குறைய முற்றிலும் பெண்பாலாயிற்று.

நிலத்திலிருந்து ஏட்டுக்குப் போன பெயர் நிலத்துக்கும் மீண்டது. புதினம் நிகழும் யார்க்‌ஷயரின் ஸ்பென் பள்ளத்தாக்குப் பகுதியை 'ஷெர்லி நாடு' என்கின்றனர். குராய்டன் ஷெர்லியின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், வெள்ளை விளிம்புடைய காட்டுக் கசகசாப் பூ ஒன்றைக் கண்டு, 1880 முதல் அதன் விதையைத் தெரிந்தெடுத்து வளர்த்த வகைக்கும் ஷெர்லி என்றே பெயர். அதற்குப் புதினத்தோடு உறவில்லை, ஊரே காரணம்.

பழைய ஆண்வழக்கு மட்டும் ஒரு மூலையில் பிழைத்திருந்தது. 1930இல் ஹாலிஃபாக்ஸில் பிறந்த ஷெர்லி கிராப்ட்ரீ, தந்தையின் பெயரையே பெற்றவர். 'பிக் டாடி' என்று பிரித்தானியத் தொலைக்காட்சியில் கொண்டாடப்பட்ட மாபெரும் மல்லர் அவர்.