சென்னையின் மறைந்த ஓட்டல்களும் கூடுமிடங்களும்

சென்னை நகரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் புகழோடு விளங்கி, பின்னர் மூடப்பட்டோ இடிக்கப்பட்டோ மறைந்துபோன உணவு விடுதிகளையும், அவற்றை ஒட்டி ஜனங்கள் கூடிப் பேசிக் கலைந்த இடங்களையும் பற்றியது இக்கட்டுரை. 'ஓட்டல்' என்னும் சொல் ஆங்கிலத்தில் தங்கும் விடுதியைக் குறிப்பதாயினும், தமிழில் அது பெரும்பாலும் இட்லியும் காப்பியும் கிடைக்குமிடத்தையே குறித்து வந்திருக்கிறது. படுப்பதற்கு ஓர் அறைகூட இல்லாத கடையும் பலகையில் தன்னை ஓட்டல் என்றே எழுதிக்கொண்டது. இதற்கு முன் வழங்கிய பெயர் காப்பி கிளப். துரைமார்களின் கிளப்புக்குள் நுழைய முடியாத குமாஸ்தாவும் மாணவனும் வக்கீல் குமாஸ்தாவும் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட இந்தக் கிளப்பில் சந்தா கட்டுவாரும் இல்லை, உறுப்பினர் பட்டியலும் இல்லை. ஒரு காப்பிக்குரிய சில்லறை கையில் இருந்தால் அரைமணி நேரத்துக்கு அவன் அங்கே அங்கத்தினன்.

மவுண்ட் ரோட்டில் ஐரோப்பியருக்காக ஏற்பட்ட விடுதிகளில் தலையாயது டி'ஏஞ்சலிஸ். பலகாரம் செய்து விற்பவராகத் தொழில் தொடங்கி விடுதிக்காரராக உயர்ந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சமையலோடு நில்லாமல் ஆகாய விமானத்திலும் ஆசை கொண்டு, 1910ஆம் ஆண்டில் தாமே வடிவமைத்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுக் காட்டினார் என்பது இத்தொழிலின் சரித்திரத்தில் வேறெவருக்கும் வாய்க்காத பெருமை. பிற்காலத்தில் அவ்விடுதி பொஸாட்டோ என்ற வேறோர் ஐரோப்பியரின் பெயரைப் பெற்றது. இன்று இரண்டு பெயர்களையும் அறிந்தவர் பழைய சென்னையைத் தேடிப் படிப்பவர்கள் மட்டுமே.

சென்னைவாசிகளில் பெரும்பாலோரின் நாவில் நின்ற ருசி உடுப்பிக்காரர்களுடையது. தென் கன்னட ஜில்லாவின் கிராமமொன்றில் பிறந்து, சிறுவயதில் பிறருடைய சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்து, பின்னர் சென்னைக்கு வந்து, மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸை நடத்திய கே. கிருஷ்ண ராவ், 1938இல் இராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' என்னும் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, அந்த மாளிகையின் பெயரையே தம் ஓட்டலுக்கும் சூட்டினார். உடுப்பி மடத்துச் சமையலுக்குச் சிறிதும் பொருந்தாத ஓர் ஆங்கிலப் பெயர் தென்னிந்தியச் சைவச் சிற்றுண்டிக்கே மறுபெயராக ஆனது இவ்வாறு ஒரு வீட்டின் வாயிற்கதவில் இருந்த பெயரால்தான். 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. அது இன்றும் நடைபெறுகிறது. முதல் ஓட்டல் இருந்த இராயப்பேட்டையிலோ, உட்லண்ட்ஸ் என்னும் பெயரைத் தாங்கி நின்றது ஒரு திரையரங்கு.

இவ்வோட்டல்களின் உள்வாழ்வு இலேசில் எழுத்தில் அகப்படுவதன்று. பளிங்குப் பலகை பதித்த மேஜையில் வந்து உட்கார்ந்தவர், "சூடா என்ன இருக்கு?" என்று கேட்பார், அதற்காகவே காத்திருந்தவர்போல் சர்வர், "இட்லி, வடை, பொங்கல், பூரி மசால், ரவா தோசை, ஊத்தப்பம்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்து முடிப்பார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பிறகு வந்தவர், நாள்தோறும் சொல்லுகிற அதே இரண்டு இட்லியைச் சொல்லுவார். உடனே சமையற்கட்டை நோக்கி, "ரெண்டு இட்லி, சாம்பார் தனியா! ஒரு காப்பி ஸ்ட்ராங், சக்கரை கம்மி!" என்று குரல் போகும். காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பில் கிறுக்கித் தம்ளரின் அடியில் வைத்துவிட்டு அவர் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். பலகாரங்களின் பெயர் அச்சிட்ட அட்டை பெரிய விடுதிகளில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் சர்வரின் வாய், அல்லது வாசலிலே சாக்குக்கட்டியால் எழுதி மாலையில் ஈரத்துணியால் துடைத்துவிடும் கரும்பலகை. ஆகவே, ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்காக உண்ட ஓர் ஓட்டல் மறையும்போது, அங்கே என்ன கிடைத்தது, என்ன விலைக்குக் கிடைத்தது என்பதற்கு ஒரு காகிதத் துண்டுகூட மிஞ்சாமற் போனது வியப்பன்று.

காப்பியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பித்தளை டபராவும் தம்ளரும் விளிம்பு வரை நுரையோடு வந்து மேஜையில் இறங்கும். ஆற்றுபவர் தம்ளரை உயர்த்தி ஒரு முழ நீளத்துக்குக் காப்பியை இழுத்து ஊற்றி, அது டபராவில் நுரைத்துக்கொண்டு விழும்போது எதிரே இருப்பவரோடு வழக்கு, கச்சேரி, தேர்தல் எதையேனும் பேசிக்கொண்டே இருப்பார். ஒரு துளி வெளியே சிந்தாது. பணமுடை உள்ள இருவர் ஒரு காப்பியைச் சொல்லி, ஒருவர் தம்ளரிலும் மற்றவர் டபராவிலுமாகப் பகிர்ந்துகொள்ளும் 'பை டூ' வழக்கத்தை முதலாளிகள் முகஞ்சுளித்தேனும் அனுமதித்தனர். மவுண்ட் ரோட்டின் இந்தியா காபி ஹவுஸில் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளுடுப்பும் தரித்த சிப்பந்திகளுக்கு நடுவே இதே சம்பாஷணை சற்று ஆங்கிலம் கலந்து நிகழ்ந்தது. மாகாணம் முழுவதும் 1948இல் அமலுக்கு வந்த மதுவிலக்கு 1971 வரை நீடித்ததாகையால், பிற நகரங்களில் மாலை நேரத்து நண்பர் குழாம் மதுக்கடையை நாடியபோது சென்னையின் குழாம் காப்பிக் கடையையே நாடியது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

இந்த இனிய ஞாபகங்களில் ஒரு முள்ளும் உண்டு. இவ்வோட்டல்களில் பல, 'பிராமணாள்' என்ற சொல்லைப் பலகையில் எழுதிவைத்து, சமையலில் மட்டுமன்றி உட்காரும் இடத்திலும் பேதம் காட்டின. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த தனியிடம் நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல் நீங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த அச்சொல்லை எதிர்த்துப் பெரியார் ஈ.வெ.ரா.வின் திராவிடர் கழகத்தார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்து, தொண்டர்கள் நாள்தோறும் கைதாகி, முடிவில் அச்சொல் பலகையினின்றும் மறைந்தது. பழைய ஓட்டல்களின் ருசியைப் புகழ்ந்து எழுதுவோர் பலரும் இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஊரார் அனைவருக்கும் பொதுவான முற்றமாக ஓட்டல் ஆனது தானாக நேர்ந்ததன்று.

மறைந்தவற்றுள் இன்றளவும் பெருமூச்சோடு பேசப்படுவது உட்லண்ட்ஸ் டிரைவ் இன். 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த கதீட்ரல் சாலை நிலத்தில், அடர்ந்த மரங்களின் நடுவே, 1962இல் கிருஷ்ண ராவ் இதனைத் தொடங்கினார். காரைவிட்டு இறங்காமலே உண்ணலாம் என்பது அமெரிக்கரின் ஏற்பாடு. அதிலே சாம்பார் வடையையும் வடிகட்டிய காப்பியையும் பரிமாறியதுதான் உடுப்பிக்காரரின் யுக்தி. மர நிழலில் கார் நின்றதும் சிப்பந்தி ஓடிவந்து, பாதி இறக்கிய ஜன்னல் கண்ணாடியில் ஒரு தட்டை மாட்டிவிட்டுப் போவார். சற்று நேரத்தில் அத்தட்டின்மேல் பந்துபோல் உப்பிய பட்டூரா வந்து அமரும். பின் இருக்கையிலுள்ள குழந்தைகள் அதை விரலால் குத்தி ஆவி வெளியேறுவதைப் பார்ப்பதற்காகச் சண்டையிட்டுக்கொள்ளும். கார் இல்லாதவர்க்கும் உள்ளே கூடம் இருந்தது. உண்மையில் அவ்விடத்தைக் கீர்த்தி பெறச் செய்தவர் இவர்களே. வேலை தேடும் பட்டதாரி, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, கதையோடு அலையும் உதவி டைரக்டர், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஆகியோர் ஒரு காப்பியோடு காலையில் அமர்ந்து மதிய வெயில் சாயும்வரை எழுந்திராத நாட்கள் உண்டு. எழுந்திருக்கும்படி அவர்களை யாரும் சொல்லவில்லை. ஒரு வியாபாரத்தில் இதைவிடப் பெரிய தாராளத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கே. சீதாராம ராவ் நிறுவிய தாசப்பிரகாஷின் பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கட்டடம், ஐஸ்கிரீமுக்காகவே குடும்பங்கள் விடுமுறை நாளில் புறப்பட்டுப்போன இடம்; அது இடிக்கப்பட்டது. மவுண்ட் ரோட்டில் 1964இல் திறந்த சபையர், ப்ளூ டயமண்ட், எமரால்ட் ஆகிய மூன்று அரங்குகளின் தொகுதியில், இடைவிடாமல் படம் ஓடிய ப்ளூ டயமண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாமாகையால், மே மாதத்து மாணவர்கள் படத்துக்காக அன்றி அதன் குளிர்ச்சிக்காகவே சீட்டு வாங்கினர். 1900இல் திறந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகப் பிரியர்கள் ஞாயிறுதோறும் கூடிய சங்கம் எனலாம். 1985இல் அது தீக்கிரையாயிற்று.

இவை மறைந்ததற்கு, ஜனங்களின் ருசி மாறிவிட்டது என்று காரணம் சொல்வது வழக்கம். இக்கூற்று பெரும்பாலும் ஏற்கத் தக்கதன்று. டிரைவ் இன் மூடிய நாளிலும் அங்கே கூட்டம் குறையவில்லை. குத்தகை நிலத்தின்மேல் நின்ற ஓட்டலுக்கு ஆயுள் குத்தகைப் பத்திரத்தின் ஆயுள்தான்; சொந்த நிலத்தில் நின்றதற்கோ, ஒரு காப்பிக்கு மூன்று மணி நேரம் உட்கார இடந்தரும் மேஜையின் வருமானத்தையும் அம்மேஜை நிற்கும் மனையின் விலையையும் பிள்ளைகள் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்கும்வரைதான் ஆயுள். கதீட்ரல் சாலை நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு நீதிமன்றம் சென்று, நிலம் அரசாங்கத்தின் வசம் திரும்பியதன் பேரில், 2008இல் டிரைவ் இன் மூடப்பட்டது. அவ்விடத்தில் அமைந்த செம்மொழிப் பூங்காவை 2010 நவம்பர் 24ஆம் நாள் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். ஓட்டலை மூடிக் கடைத்தொகுதி கட்டாமல் பூங்கா அமைத்தது, இப்பட்டியலில் உள்ள மற்ற இடங்களுக்கு வாய்க்காத பாக்கியம். காருக்கு நிழல் தந்த பழைய மரங்கள் சிலவற்றை அங்கே இன்றும் காணலாம்.

சர்வர் வாயால் ஒப்பித்ததும் கரும்பலகையில் எழுதி அழித்ததும் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் பழைய பில், விலைப்பட்டியல், ஓட்டலின் பெயர் பொறித்த டபரா, கல்யாண விருந்தின் புகைப்படம் என்று ஏதேனும் ஒன்று பரண்மேல் கிடக்கும் வீடுகள் இந்நகரில் இன்னும் உண்டு. அவற்றை எடைக்குப் போடாமல், தேதியும் இடமும் தெரிந்த பெரியவரைக் கேட்டுப் பின்புறத்தில் எழுதிவைத்து, ஏதேனும் ஒரு நூலகத்தில் ஒப்படைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.